கிணற்றுக்கு மீன்

கல்யாணமாகி வெகு வருஷம் கழித்து மலர்க்கொடி முழுகாமல் இருந்தாள். அவள் குளிக்கிற தண்ணீர் சுத்தமாக இருக்கட்டுமென்று, கண்டெய்னர் லாரி ஓட்டும் அவள் கணவன் பக்தவச்சலம் திருவொற்றியூர் வீட்டுக் கிணற்றை இறைத்துத் தூர்வாரினான். பிளீச்சிங் பவுடரையும் மூட்டையோடு கொட்டினான். மறுநாள் கிணற்றிலிருந்த குட்டி மீன்களெல்லாம் செத்து மிதந்தன. அள்ளிப் போட்டுவிட்டு, "இப்ப பாரு, கண்ணாடி மாறி கீது" என்றான்.

மழை ஆரம்பித்ததும் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ரத்தம் பார்த்து மலேரியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை அவன் உட்காரவே இல்லை.

வீட்டுக்குக் கொசு மருந்தடிக்க வந்த மாநகராட்சி ஊழியர் ரஞ்சித் கிணற்றுத் தண்ணீரை மொண்டு பார்த்தான். கொசுப்புழுக்கள் நெளிந்தன.

"மலேரியா கொசு நல்ல தண்ணிலதாண்ணா முட்ட போடும். இந்த கெணத்துல மீனே இல்லியா? இருந்தா துன்னுருக்குமே."

அன்று மாலை ஆஸ்பத்திரியில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்தவச்சலம் அதைச் சொன்னான். "அந்த மீனுங்கள நாந்தான் மலரு சாவடிச்சேன்."

"எனுக்கு மட்டும் தெரியுமா? நானுந்தான வேடிக்க பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். "அழுவாத. பக்கத்து பெட்டுல பாக்குறாங்கோ."

உடம்பு தேறியதும், கிணற்றுக்கு மீன் பிடிக்கப் புறப்பட்டவனோடு அவளும் கூடவே கிளம்பினாள். வள்ளூரில் அவளுடைய அண்ணி ராமசெல்வியின் வீட்டுப் பக்கம் குளங்கள் உண்டு. முதல் குளத்தில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருந்தது; ஒரு தவளைகூட இல்லை. அதைத் தாண்டியிருந்த சின்னக் குளத்தில் அல்லி பூத்திருந்தது. தும்பிகள் பறந்தன. நெற்றியில் வெள்ளைப் பொட்டு மின்ன, கொசுப்புழு தின்னும் முண்டக்கண்ணி மீன்கள் மேலாக நீந்தின. அவன் துண்டை விரித்துப் பிடித்தான். அவள் கரையில் உட்கார்ந்து, "போதும்யா, மிச்சம் இங்கியே இருக்கட்டும்" என்றாள்.

பஸ்ஸில் அவன் மடியிலிருந்த மீன் கேனைப் பார்த்து கண்டக்டர் கேட்டார்: "இன்னா நைனா, கொழம்புக்கா?"

"கெணத்துக்கு."

மலர்க்கொடி அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் இப்படி அசந்து தூங்கி அவன் பார்த்ததில்லை. அவர்கள் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

"கடைசி ஸ்டாப்புக்கு ரெண்டு டிக்கெட் குடுங்கண்ணா" என்றான் மெதுவாக.