கீழ்க்கணக்கு மைதானம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சமதரை என்று ஒன்று இருந்ததில்லை. பிள்ளைகள் பந்து விளையாடும்போது ஒருவன் மட்டை பிடிப்பான். மற்றவர்கள் எல்லாரும் கீழே நின்று, பந்து உருண்டு வரக் காத்திருப்பார்கள். கை தவறினால் ஆற்றில் போய்த்தான் எடுக்க வேண்டும். இப்போது பெரிய தரை ஒன்று இருக்கிறது. மலை சரிந்து வந்து அதைப் போட்டுவிட்டுப் போனது. அதற்குக் கீழே எங்கேயோ என் கணவர் இருக்கிறார்.

எங்கேயோ என்றுதான் எழுத முடிகிறது.

லிந்துலையிலிருந்து பிரிந்து உள்ளே வரும் பாதையில் எங்கள் தோட்டம். மேலே உள்ள பிரிவு மேற்கணக்கு, கீழே உள்ளது கீழ்க்கணக்கு. நாங்கள் இருந்தது கீழ்க்கணக்கு இரட்டை லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை வீடுகள். நான் மேற்கணக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. மழை விடாமல் பெய்த அந்த நாளில் லயத்தில் இருந்த எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். நான் அரிசியையும் உடுப்பையும் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"நீ முன்னுக்குப் போ. மாட்டுக்குப் புல்லப் போட்டுட்டு வந்துர்றேன்," என்றார் என் கணவர் முத்துலிங்கம்.

மாடு வந்தது. மறுநாள் சரிவுக்கு மேலே தேயிலைக்குள் நின்றதைப் பிடித்துவந்து என்னிடம் கொடுத்தார்கள். அவர் வரவில்லை. ஆர்மிக்காரர்கள் தோண்டி மற்றவர்களை எடுத்தார்கள். லயத்தின் கோடி வீட்டில் இருந்த பெற்றீசியாவைக் கூட எடுத்தார்கள். அவரை மட்டும் எடுக்க முடியவில்லை. மாட்டின் கழுத்தில் கயிறு இல்லை. அவர் அவிழ்த்துவிட்டிருந்தால் பட்டியில் நின்றிருப்பார். மாடே அறுத்துக்கொண்டு ஓடியிருந்தால், அவர் வீட்டுக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். அல்லது பாதைக்கு வந்திருக்கலாம். மாட்டை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அதன் கழுத்தில் ஒன்றும் தெரியவில்லை.

போன வருஷம் மேற்கணக்கில் வீட்டுக்கு ஏழு பேர்ச் என்று காணி அளந்து பிரித்து வீடு கட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் ஆட்களுக்கு மட்டுமல்ல. ஆபத்தான இடம் என்று பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எழுப்பப்பட்டவர்களும் இங்கேயே வருகிறார்கள். தோட்டம் ஒரு சின்ன ஊராகப் போகிறது. ஊர் என்றால் மைதானம் வேண்டும், பாதை வேண்டும், நிழல் வேண்டும் என்று திட்டம் போட ஒரு பிள்ளை வந்தாள். பெயர் கிருஷாந்தி. ஹட்டன் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் இரண்டு மேசையைச் சேர்த்து வரைபடத்தை விரித்தாள். நாங்கள் சுற்றி நின்றோம்.

"இது நடைபாதை. மேல வீடுகள்லருந்து சுத்தி வந்து, மைதானத்தத் தொட்டுட்டு பஸ் ரோட்டுக்குப் போகும். காலையில பின்னேரத்துல நடந்து தேகப்பயிற்சி செய்யலாம்."

"தேகப்பயிற்சியா?" என்றாள் நாகலெட்சுமி. லயத்தில் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. வாய் சும்மா இருக்காது. "ஏன் மிஸ், நாங்க நாளு பூரா மலையில ஏறி எறங்குறது காணாதா? படுத்துக்கெடக்க ஒரு எடம் இருந்தா வரைஞ்சு விடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கிருஷாந்தியும் சிரித்தாள். "ரெண்டு பெஞ்சு போட்டிருக்கேன் அக்கா."

"அப்ப ஒன்னு எனக்கு. பேர எழுதிருங்க."

மலை போட்டுவிட்டுப் போன அந்தத் தரைதான் மைதானம்; வரைபடத்தில் பச்சையாக இருந்தது. அங்கே வீடு கட்டக் கூடாது, ஆனால் வடிகால் வெட்டி, சோதித்துப் பார்த்த பிறகு விளையாடலாம் என்று அனுமதி கிடைத்திருந்தது. வேறு எங்கே தேடினாலும் அப்படி ஒரு தரை இந்த மலையில் இல்லை. பெடியன்கள் ஏற்கெனவே அங்கே ஸ்டம்ப் நட்டுத்தான் இருந்தார்கள்.

எங்கள் தலைவர் யோகேஸ்வரன் தொண்டையைச் செருமினார். தொழிற்சங்கத்துக்குத் தோட்டத்தில் அவர்தான் தலைவர். "எல்லாம் சரி மிஸ். ஆனா அந்தத் தரையில... மீனம்மாக்காவோட வீட்டுக்காரரு இருக்காரு."

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கிருஷாந்தி வரைபடத்திலிருந்து கையை எடுத்தாள். "அந்த எடத்த விட்டுட்டு மிச்சத்துல மைதானம் போடலாம் அம்மா. சுத்தி வேலி கட்டி, பூ மரம் வச்சு, யாரும் மிதிக்காம. எந்த எடம்னு மட்டும் காட்டுங்க. இந்த மாசம் முடியுறதுக்குள்ள படத்தக் குடுத்துறணும்."

நான் தலையாட்டினேன். நல்ல யோசனைதான். ஆனால் அன்று எங்களுக்குத் தந்திருந்த தற்காலிகக் கொட்டிலுக்குப் போகும் வழியிலேயே குழப்பம் பிடித்துக்கொண்டது. படுத்திருக்கும் ஆளைத் தாண்டக் கூடாது என்று காம்பராவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு பிள்ளை இன்னொன்றைத் தாண்டிவிட்டால், திரும்பத் தாண்டி வரச் சொல்வேன். நான் இடத்தைப் பிழையாகக் காட்டினால் வெறும் மண்ணுக்கு வேலி கட்டிப் பூ வைப்பார்கள். பிள்ளைகள் அவர் மேல் ஓடுவார்கள். யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அந்தத் தரைக்குப் போனோம். கிருஷாந்தி வேறொரு பழைய படத்தையும் கொண்டுவந்திருந்தாள். அதில் எங்கள் லயம் நீளமான ஒரு கட்டமாக இருந்தது. அவள் நிமிர்ந்து மேலே, சிவப்பாகக் கீறிக் கிடந்த மலையைக் காட்டினாள்.

"இதுல பாத்தா லயம் அங்க இருந்திருக்கு."

"அங்கயா?" என்றார் யோகேஸ்வரன். "அங்க எப்படி மிஸ் லயம் இருக்கும்? நம்ம பேரிக்கா மரம் இந்தா நிக்குது. முதலாம் வீட்டு வாசல்ல நின்ன மரம். படம் போட்டவங்க ஆபீஸ்ல இருந்து போட்டிருப்பாங்க."

நாங்கள் எல்லாரும் மரத்தைத்தான் நம்பினோம். தரையின் ஓரத்தில் நேராக நின்றது. அந்த வருஷம் பூத்தும் இருந்தது. எங்கள் ஆட்கள் ஊஞ்சல் கட்டிய கிளையில் கயிற்றுத் தழும்பு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை யார் தொடங்கினார்கள் என்று நினைவில்லை. யோகேஸ்வரன்தான் "பெரட்டுக்கு நிக்கிற மாதிரி நில்லுங்க" என்றிருக்க வேண்டும். முதலாம் வீட்டுக்காரர் மரத்தடியில் நின்றார். இரண்டாம் வீடு அடுத்து. வேலைக்குப் பெயர் கூப்பிடும் காலைபோல ஒவ்வொருவராக வந்து, தங்கள் வாசல் இருந்த இடத்தில் நின்றார்கள். ஆள் இல்லாத வீட்டுக்கு ஒரு கல் வைத்தோம். பெற்றீசியாவின் மகன் றோலண்ட் கொழும்பில் கடை வேலையில் இருப்பவன், அன்று வந்திருந்தான். அவன் கோடியில் போய் நின்றான். லயம் திரும்பவும் எழுந்துவிட்டது போல இருந்தது. கூரை மட்டும் இல்லை.

நானும் என் இடத்தில் நின்றேன். நாகலெட்சுமி வந்து என் இடது பக்கம் நின்றாள்.

"நீ அந்தப் பக்கம் நாகு," என்றேன். "எனக்கு வலப்பக்கம்தான் உன் வீடு."

"நல்லா கெடக்கு கதை. நான் இடப்பக்கம். உங்க அடுப்புப் பொக எந்தப் பக்கத்துலருந்து என் வீட்டுக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"வீட்டுக்குள்ள வரும்போது சொல்றியா, வெளிய போகும்போது சொல்றியா?"

"நான் எதுக்கு உங்க வீட்டுக்குள்ள வாறேன்? வாசல்ல நின்னுதான சண்டை போடுவேன்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கும் சந்தேகம் வந்தது. பாதிப் பேர் ஆற்றைப் பார்த்து நின்றார்கள், பாதிப் பேர் மலையைப் பார்த்து. எங்கள் வரிசை ஆற்றைப் பார்த்ததா, பின் வரிசை பார்த்ததா? முப்பது வருஷம் குடியிருந்த வீடு. காலையில் கதவைத் திறந்தால் கண்ணில் என்ன பட்டது? எனக்கு அவர் முதுகுதான் ஞாபகம் வந்தது. வாசலில் குந்தியிருந்து பல் விளக்குவார். அந்த முதுகுக்கு அப்பால் என்ன இருந்தது என்று வரவே இல்லை.

றோலண்ட் மட்டும் வரிசையை விட்டு மரத்தடிக்கு வந்திருந்தான். கையில் போனைத் தூக்கிப் பிடித்து, அதிலிருந்த படத்தையும் எதிர்மலையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பெரியம்மா, இங்க வாங்களேன்."

அவனுடைய தாய் பேரிக்காய் மரத்தடியில் நிற்கும் படம். கிறிஸ்மஸ் உடுப்பு, தலையில் எண்ணெய் மினுங்கியது. அவள் தோளுக்குப் பின்னால், மரத்தின் கவைக்குள், எதிர்த் தோட்டத்துப் பெக்டரியின் தகரக் கூரை தெரிந்தது.

"இப்ப பாருங்க."

அதே இடத்தில் நின்று அதே கவைக்குள் பார்த்தேன். பெக்டரி இல்லை. நடுவில் உள்ள மேடுதான் தெரிந்தது.

"பெக்டரிய இடிச்சுட்டாங்களோ?" என்றாள் நாகலெட்சுமி, பின்னால் வந்து எட்டிப் பார்த்து.

"இல்ல சித்தி. அது அங்கதான் இருக்கு. நாமதான் கீழ நிக்கிறோம். மரம் எறங்கி வந்திருக்கு."

வேரோடு, மண்ணோடு, நின்ற வாக்கிலேயே மரம் மலையிலிருந்து இறங்கி வந்து நின்றிருக்கிறது. நாங்கள் அதற்குப் பக்கத்தில் லயம் கட்டி நின்றோம். யோகேஸ்வரன் மரத்தை ஒரு தடவை தட்டிப் பார்த்தார், அது ஏதோ சொல்லும் என்பது போல.

"அப்ப மிஸ்ஸோட படம் சரியா?" என்று கேட்டேன்.

"சரிதான் அம்மா," என்றாள் கிருஷாந்தி. அவள் குரல் இறங்கியிருந்தது. "ஆனா அது லயம் இருந்த எடம். லயம் போன எடம் எந்தப் படத்துலயும் இல்ல."

மரம் இவ்வளவு தூரம் வந்திருந்தால் வீடு எவ்வளவு தூரம் போயிருக்கும்? பட்டி? பாதையில் நடந்து வந்துகொண்டிருந்த ஒரு ஆள்? நான் கேட்கவில்லை. எல்லார் மனதிலும் அதுதான் ஓடியது என்று நினைக்கிறேன். வரிசை தானாகக் கலைந்தது. கற்கள் அப்படியே கிடந்தன.

அடுத்த கிழமை கிருஷாந்தி காம்பராவுக்கே வந்துவிட்டாள். யோகேஸ்வரனும் கூட வந்தார். நாகலெட்சுமி பேத்தியை விட வந்தவள், போகாமல் நின்றாள்.

"ஒரு எடத்தச் சொல்லிருங்க அக்கா," என்றார் யோகேஸ்வரன். "எங்கன்னாலும் பரவாயில்ல. சாமி எல்லா எடத்துலயும் இருக்கிற மாதிரிதான. மனசுக்கு ஒரு ஆறுதல்."

எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் சொன்னதில் தப்பும் தெரியவில்லை. பிள்ளைகளைப் பார்த்தேன். பாயில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தூங்கின.

"எனக்குத் தெரியல மிஸ்," என்றேன். "தெரியாத எடத்தக் காட்ட மாட்டேன். வேலி வேணாம்."

"அப்ப மைதானமே வேணாம்னு சொல்றீங்களா அம்மா?"

"அதையும் சொல்லல. பிள்ளைங்க விளையாடட்டும்." சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது. அந்தக் காலடிகள் எல்லாம் மனதில் ஓடின. "அந்தத் தரைய அப்படியேவா விடுவீங்க?"

"இல்ல. நடுவுல தோண்டின பள்ளம் இருக்குத்தானே. வீட்டு அத்திவாரம் வெட்டுற மண்ண டிராக்டர்ல கொண்டாந்து நிரவுவோம். அதுக்கு மேல புல்லு."

ஆர்மிக்காரர்கள் அவரைத் தேடித் தோண்டிய பள்ளம் அது. மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதை மூட வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை.

"அந்த மண்ணுல ஒரு பிடி நாங்க போடலாமா?" என்றேன்.

யோகேஸ்வரனுக்கு விளங்கவில்லை. "அதான் டிராக்டர் வருதே அக்கா. நீங்க எதுக்குக் கையில அள்ளணும்?"

நாகலெட்சுமிக்கு விளங்கிவிட்டது. சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "தலைவரே, ஒரு சாவு விழுந்தா குழியில ஆளுக்கு ஒரு பிடி மண்ணு போடுவீங்கதான? மாமாவுக்கு யாரு போட்டா?"

யோகேஸ்வரன் மெதுவாகச் சொன்னார்: "அது சரி. ஆனா நம்ம வழக்கத்துல பொம்பளைங்க குழிக்கு வாறதில்லையே."

"குழியா? எங்க இருக்கு குழி? மிஸ்ஸோட படத்துல மைதானம்னுதான போட்டிருக்கு. மைதானத்துக்குப் பொம்பளைங்க வரக்கூடாதுன்னு எந்த சங்கத்துல சட்டம்?"

கிருஷாந்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று தெரியவில்லை.

முதல் டிராக்டர் வந்த காலையில் தூறல் இருந்தது. கட்டும் வீடுகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள், தங்கள் காணி மண்ணைக் கையில், சிலர் கொழுந்துக் கூடையில் எடுத்துக்கொண்டு. வேறு தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் வந்தார்கள். அவர்களுக்கு முத்துலிங்கம் யார் என்று தெரியாது. ஆண்களோடு பெண்களும் பள்ளத்தைச் சுற்றி நின்றோம். றோலண்ட் சிலுவை போட்டுக்கொண்டான். எல்லாரும் என்னைத்தான் முதலில் போடச் சொன்னார்கள்.

மண் கையில் குளிர்ந்து கிடந்தது. குழி என்றால் தலைமாடு கால்மாடு இருக்கும். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியும். இங்கே எந்தப் பக்கம்? நான் பள்ளத்தின் ஓரமாக நடந்தேன். ஆற்றுப் பக்கம் போனேன். அங்கே சரியாகப் படவில்லை. மரத்தின் பக்கம் வந்தேன். அதுவும் இல்லை. பின்னால் நின்றவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். டிராக்டர்க்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"நாகு," என்றேன், "எங்கிட்டுப் பாத்து போடுறது?"

அவள் அன்று வேடிக்கை பேசவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள், இடது பக்கத்தில்.

"நின்ன எடத்துல போடுங்க அக்கா," என்றாள். "மிச்சத்த நாங்க சுத்தி நின்னு போடுறோம்."

போட்டேன்.