இரண்டு சேனலும் சரியான பிறகு

தங்கை ஒரு பக்கமும் வண்டிக்காரர் மறுபக்கமுமாகப் பிடித்து, கிட்டார் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்பை அண்ணனின் ரிப்பேர் கடைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். மாப்பிள்ளை கிட்டாரை மட்டும் வலது தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். பக்கவாதம் வந்துபோனதிலிருந்து இடது கையால் அவர் கனமான எதையும் தூக்குவதில்லை.

“சனிக்கிழமை ஹோட்டல்ல வாசிச்சுக் காட்டணும்ணா,” என்றாள் தங்கை. “குழுத்தலைவர் கால்ல விழாத குறையா கெஞ்சி இந்த ஒரு வாய்ப்ப வாங்கியிருக்கேன். இவர் என்னடான்னா கிட்டார எடுத்த உடனே ஆம்ப் சரியில்லன்னு கீழ வெச்சிடறார்.”

மாப்பிள்ளைக்கு இசைக்குழுவில் ‘கம்பி’ என்று பெயர். “மத்தவன் ஜெயில்ல எண்ணுறத நான் மேடையில எண்ணுறேன்,” என்று சொல்லி ஊரையே சிரிக்க வைப்பவர். அவர் நோயில் படுத்த பிறகு குழுவில் பாதிப்பேர் கம்பி நீட்டிவிட்டார்கள். அதையும் சொல்லி அவரே சிரித்தார். இன்று அந்தச் சிரிப்பு இல்லை.

“முதல் சேனல் கிணத்துக்குள்ளேர்ந்து கூப்பிடுற மாதிரி இருக்கு மச்சான். ரெண்டாவதுல வெச்சா ஒரே கரகரப்பு. சளி கட்டுன தொண்டை மாதிரி.”

“பாத்துரலாம் மாப்ள. நீங்க இப்படி உக்காருங்க.”

அண்ணன் ஆம்ப்பைப் போட்டு, கிட்டாரைச் செருகும் இரண்டு சேனல்களிலும் கேட்டார். மாப்பிள்ளை சொன்னது அப்படியே உண்மை. அதில் அண்ணனுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. தங்கையிடம் சொல்லவில்லை, ஆனால் ஆம்ப்பில் கோளாறே இருக்காதோ என்றுதான் அவள் போன் செய்த காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தார்.

முதலில் இரண்டு சேனல்களின் கண்ணாடிக் குழல் வால்வுகளையும் இடம் மாற்றிச் செருகினார். குறை வால்வோடு கூடப் போகவில்லை. அப்படியானால் நோய் உள்ளே. ஸ்விட்சை அணைத்து, பின்பலகையைக் கழற்றி, பெரிய கெபாசிட்டர்களில் தங்கியிருந்த கரண்டை வடித்துவிட்டுத்தான் உள்ளே கை வைத்தார். தங்கை டார்ச் பிடித்தாள். பிறகு மறுபடி ஆம்ப்பைப் போட்டு மீட்டர் வைத்துப் பார்த்தபோது, முதல் சேனல் வால்வுக்கு வரவேண்டிய வோல்டேஜில் பாதிகூட வரவில்லை. வழியில் ஒரு ரெசிஸ்டர் கெட்டுப்போய்க் கரண்டை மறித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது சேனலில் ஒரு சின்ன கெபாசிட்டர் கசிவு. ஒலியை மட்டும் விடவேண்டியது, வோல்டேஜையும் சேர்த்து அடுத்த வால்வுக்குள் விட்டுக்கொண்டிருந்தது.

மறுபடி அணைத்துக் கரண்டை வடித்து, இரண்டையும் மாற்றிச் சால்டர் வைத்து முடித்தபோது, “அவ்வளவுதானாண்ணா?” என்றாள் தங்கை. சின்ன வயதில் மிட்டாய் கிடைத்தால் விரிகிற முகம்.

மாப்பிள்ளை கிட்டாரை மடியில் வைத்தார். எந்தக் கம்பியையும் அழுத்தாமல் வலது கையால் ஒரு முறை மீட்டினார். அறை முழுக்க நிறைந்தது. இரண்டாவது சேனலிலும் அப்படியே. துளி கரகரப்பு இல்லை.

“வாசிங்க,” என்றாள் தங்கை.

இடது கை மேலே வந்தது. ஆள்காட்டி விரல் சரியாக விழுந்தது. நடுவிரல் பக்கத்துக் கம்பியில் சாய்ந்தது. மற்ற இரண்டும் வரவே இல்லை. மீட்டியதும் செத்த சத்தம் ஒன்று ‘டப்’பென்று கேட்டது. மறுபடி வைத்தார். மறுபடியும் அதே.

“இன்னும் கரகரன்னுதான் இருக்கு மச்சான்.”

அண்ணன் கிட்டார் வயரைக் கழற்றினார். எதற்குச் செய்கிறோம் என்று யோசிக்காமல், எல்லா வேலைக்கும் கடைசியில் செய்வதுபோலத் தன் செல்போனை ஆம்ப்பில் மாட்டிப் பாட்டைப் போட்டுவிட்டார். கண்ணாடி மாதிரி வந்தது. போட்டபிறகுதான் போட்டிருக்கக் கூடாது என்று பட்டது. அணைத்தார்.

“ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்,” என்றார் மாப்பிள்ளை. “அந்தக் கதைதான்.”

“பழகுனா வரும்,” என்றாள் தங்கை. “டாக்டர் என்ன சொன்னாரு? போகப் போக...”

“நீ மருந்து வாங்கப் போனப்ப சொன்னாரு. இனி இவ்வளவுதானாம். இதுக்கு மேல வராதாம்.”

“எப்ப?”

“மழைக்கு முன்னாடி.”

டார்ச் இன்னும் அவள் கையில் எரிந்துகொண்டிருந்தது. “அப்புறம் எதுக்கு என்னை அந்த ஆள் முன்னாடி போய் நிக்க விட்டீங்க?”

“ஆம்ப் கெட்டுக் கிடக்கிற வரைக்கும் நான் கிட்டார்காரன்தானே. நீ இவ்வளவு சீக்கிரம் மச்சான்கிட்ட தூக்கிட்டு வருவேன்னு நினைக்கல.”

அவள் வாசலுக்குப் போய்த் தலைவருக்குப் போன் செய்தாள். பேச்சு நீளவில்லை. திரும்பி வந்தவளை அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

“இவர் வரலன்னேன், சரின்னுட்டாருண்ணா. ஏன்னுகூடக் கேக்கல. வேற ஆளை முன்னாடியே பேசி வெச்சிருப்பாரு போல.”

 அண்ணன் அவள் கையிலிருந்த டார்ச்சை வாங்கி அணைத்தார்.

“ஆம்ப் இங்கயே இருக்கட்டும்,” என்றார் மாப்பிள்ளை. “யாராவது கேட்டா கொடுத்துடுங்க. ரெண்டு சேனலும் நல்லாப் பாடுதுன்னு தைரியமாச் சொல்லலாம்.”

தங்கை கிட்டாரைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை எதிர்க்கவில்லை. வெயிலில் இருவரும் நடந்து, திருப்பத்தில் மறைந்தார்கள். அண்ணன் உட்கார்ந்து பின்பலகையின் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்க ஆரம்பித்தார்.