தையலோர ஈரம்

அம்மா இறந்து பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தபோது அப்பா காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கழுவுகிறார் என்று அத்தைதான் சொன்னாள். காரின் வெளிப்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை. வீட்டை ஒட்டிய பட்டறையில் காரின் முன்கதவு திறந்திருந்தது. அப்பா தரையில் மண்டியிட்டு, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையின் தையலோரத்தை ஒரு மெல்லிய பிரஷ்ஷால் நீவிக்கொண்டிருந்தார்.

"வீடு நிறைய ஜனம் உக்காந்திருக்கு, இவன் வண்டியைக் குளிப்பாட்டறான்," என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா அவள். "பன்னெண்டு மணிக்கு எடுக்கணும். எனக்கு முட்டி மடங்காது, வேன்லல்லாம் ஏற முடியாது. முன் சீட்டுலதான் வருவேன். நீ போய்ச் சொல்லுடி. நான் சொன்னா காதுல போட்டுக்க மாட்டான்."

மகள் எழுந்தாள். கூடத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட எந்த வேலையும் சுலபமாக இருந்தது.

அவளுக்கு வெளியூரில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உள்ளே போன் கூடாது, அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நேற்று மாலை எடுத்துப் பார்த்தபோது அம்மாவின் அழைப்பு ஒன்று தவறியிருந்தது. அதற்கு மேலே அப்பாவிடமிருந்து ஏழு அழைப்புகள். அம்மா எதற்குக் கூப்பிட்டாள்? பேருந்தில் வழி நெடுக அந்தக் கேள்வியைத்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கடைசியா உன்னைத்தான் கேட்டா. பாப்பா சாப்பிட்டாளான்னு."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவள் இரவைக் கடந்தாள். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டபோது, ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது சொன்னாள் என்றார். காலையில் கேட்டபோது, வார்டில் என்றார். ஒரே குடுவைத் தண்ணீர் இரண்டு முறை இரண்டு அளவு காட்டினால் மூன்றாவது முறை சோதித்துப் பார்ப்பது அவள் வழக்கம். இதைச் சோதிக்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

அப்பாவுக்குக் கார்களின் தோல் சீட்டுகளைச் சுத்தம் செய்து, பழுது பார்த்து, நிறம் பூசுகிற வேலை. தெருவில் 'தோல் டாக்டர்' என்றால்தான் தெரியும். அந்தப் பெயரை நம்பி, கையில் படையோடு ஒருவர் வந்து அரை மணி நேரம் காத்திருந்த கதையை அம்மா சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். "பாவம் மனுஷன். ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சு அனுப்பியிருக்கலாம் நீங்க!"

தோலுக்கு நல்லதென்று எண்ணெயைப் பூசி, வழுவழுவென்று ஆக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் அப்பாவுக்கு ஆகாது. "தோல் அடியில இருக்குங்க. நீங்க தொடறது அதுக்கு மேல இருக்கற பூச்சு. எண்ணெய் அதைத் தாண்டி உள்ள போகாது, தூசியைத்தான் விருந்துக்குக் கூப்பிடும். லேசான சோப்பு நுரை, ஈரத்துணி, அவ்வளவுதான். தண்ணியைக் கொட்டாதீங்க. பூச்சு தாங்கும், தையல் ஓட்டை தாங்காது." சோற்றோடு சோறாக இதைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

அவள் பள்ளியில் படித்த நாட்களில், அம்மாவின் புதுப் புடவையின் நீலச் சாயம் சொந்தக் காரின் சந்தன நிற சீட்டில் இறங்கிவிட்டது. அப்பா கவனிப்பதற்குள் பூச்சுக்குள்ளேயே ஊறிப் போயிருந்தது. என்ன தேய்த்தும் போகவில்லை. மூன்று நாள் அதையே சொல்லிச் சொல்லிக் காட்டினார். நான்காம் நாள் அம்மா ஒரு துண்டோடு வந்து காரில் ஏறினாள். பிறகு அப்பா சீட்டுக்குப் புதுப் பூச்சு அடித்துவிட்டார். நீலம் போன இடம் தெரியவில்லை. துண்டு மட்டும் போகவேயில்லை.

"ராஜா வீட்டுச் சிம்மாசனம், சும்மா உக்கார முடியுமா?" என்று நான்கு மூலையும் இழுத்து விரித்துவிட்டுத்தான் உட்காருவாள். இறங்கியதும் நான்காக மடித்துப் பின்சீட்டில் வைப்பாள். "துண்டு வேணாம்னு அவரு வாயால வரட்டும். அன்னைக்கு விடறேன்." அப்பா பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பார். அவர் காது மடல் மட்டும் சிவக்கும்.

"அப்பா, அத்தை முன் சீட்டுல வரணுமாம்."

"ஈரமா இருக்கு."

"தொடைச்சுடலாமே."

"மேல காஞ்சிரும். தையல்ல காயாது."

அவள் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அப்பா பிரஷ்ஷைக் கீழே வைத்து, ஈர்க்குச்சி முனையில் துணியைச் சுற்றி, ஒவ்வொரு தையல் துளையாக ஒற்றி எடுத்தார். இருக்கையின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அவள் உள்ளங்கையை அங்கே வைத்துப் பார்த்தாள். அம்மா எப்போதும் உட்கார்ந்த இடம். சில்லென்றிருந்தது. எதையும் உள்ளே விடாத பூச்சு. அம்மாவின் சூட்டை மட்டும் எப்படி விட்டிருக்கும்?

சோப்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. வாளித் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பார்த்தாள். யாரையும் நெருங்க விடாமல், யாரிடமும் துணி கேட்காமல், காலையிலிருந்து அவர் எதைத் துடைக்கிறார் என்று அவளுக்கு மெல்ல விளங்கியது. உயிர் போகும்போது உடம்பு தன் பிடியை விட்டுவிடும், சிறுநீர் தானாகக் கழியும். பாடப் புத்தகத்தில் அது ஒரே வரியில் இருந்தது. ஆனால் அது நடந்தது வார்டிலென்றால், நனைய வேண்டியது ஆஸ்பத்திரிக் கட்டில்.

அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் அந்த வாக்கியம் அவளிடமே இருக்கும்.

"ஈரம்னா எதையாவது விரிச்சுப் போடுங்களேன்!" பட்டறை வாசலிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "நான் என்ன சர்க்கரையா, கரைஞ்சு போறதுக்கு?"

எழுந்து பின்கதவைத் திறந்தாள். துண்டு சீட்டில் இல்லை. கீழே, கால் வைக்கிற இடத்தில், சுருண்டு கிடந்தது. எடுத்து உதறினாள். முழுக்க உலர்ந்திருந்தது. முன்னால் வந்து, அம்மா செய்வதுபோல மேல் மூலையைப் பிடித்து விரிக்கப் போனாள்.

"அதைப் போடாதே." அப்பா துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தை..."

"நேத்து உங்கம்மா விரிக்கப் பார்த்தா," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "ஒரு கை நெஞ்சுல இருக்கு. வேர்த்துக் கொட்டுது. இன்னொரு கையால இதை விரிக்கப் பார்க்கறா. பிடுங்கிப் பின்னாடி வீசினேன். சீட்டு நாசமாப் போகட்டும், உக்காருடின்னேன்."

வாளியில் நுரை ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தது.

"சிரிச்சா. அந்த வலியிலயும் சிரிச்சா. 'அப்பாடா, இப்பவாவது வாயில வந்துச்சே'ன்னா."



"அப்புறம்?" என்றாள் மகள்.

அப்பா இருக்கையைப் பார்த்தார். அதன் தலைப்பகுதியை, சாய்வை, தையலை. பிறகு, அவள் வந்ததிலிருந்து முதல் முறையாக, அவள் கண்ணை நேராகப் பார்த்தார்.

"அப்புறம் ஒண்ணுமில்ல. முதல் சிக்னல்லயே தலை சாஞ்சிருச்சு. ஆஸ்பத்திரி வரைக்கும் நான்தான் பேசிக்கிட்டே போனேன். உன்னைக் கேக்கல, பாப்பா. நீ சாப்பிட்டிருக்க மாட்டேன்னு நான்தான் நெனச்சேன்."

துண்டை அவரும் விடவில்லை, அவளும் விடவில்லை. இருவருக்கும் நடுவில் அது நனையாமல் தொங்கியது.