திருமூர்த்தியின் பிரேக்

சாந்தாமணி ஓட்டும் ஹெரால்டு காரில் இரண்டு பிரேக் இருந்தன. ஒன்று அவள் காலடியில். மற்றொன்று பக்கத்து இருக்கையில் உட்காரும் அவள் கணவர் திருமூர்த்தியின் காலடியில். அங்கே மிதிக்க ஒன்றும் கிடையாது, தகரத்தின் மேல் ஒரு ரப்பர் விரிப்புதான். ஆனாலும் வளைவு வந்தால் அவர் வலது காலை அழுத்தி மிதிப்பார். மிதித்து மிதித்து விரிப்பு தேய்ந்து தகரம் தெரிந்தது. மிதிக்கும்போதெல்லாம் வாயிலிருந்து "ரங்கா" என்று வரும். காரமடை ரங்கநாதரைத்தான் கூப்பிடுகிறார். கோத்தகிரியிலிருந்து இறங்கினால் எத்தனை வளைவோ அத்தனை ரங்கா.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தக் கோயிலின் மாசித் தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களில் அவரும் ஒருவர். ஆளுயரச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையோடு நடந்தே பழகிய மனிதருக்கு, ஓடுகிற ஒன்றில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது பெரிய அவஸ்தை.

போன மாதம் அவர் பயந்தது நடந்தே விட்டது. மலை இறங்கும்போது பின்பக்கம் வலது பிரேக் டிரம் சூடேறிப் பிடித்துக்கொண்டு, கார் பாதி ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி நின்றது. தீய்ந்த நாற்றம் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

"வித்துப்போடலாம். மாருதி ஒண்ணு எடுத்து, ஓட்டறதுக்குக் காளிச்சாமிய வெச்சுக்கலாம். நீ பின்னாடி சாஞ்சு உக்காந்துட்டு ராணி மாதிரி போ அம்மணி" என்றார் திருமூர்த்தி.

சாந்தாமணிக்கு ராணி ஆகிற ஆசை இல்லை. தோட்டத்து வண்டித்தடத்தில் தானாக ஓட்டிப் பழகி, மோட்டார் ரூம் சுவரை ஒருமுறை இடித்து, வாய்க்காலில் ஒருமுறை இறக்கி, அப்புறம்தான் ரோட்டுக்கு வந்தவள் அவள். சனிக்கிழமையானால் கோத்தகிரியில் இருக்கும் அக்கா மயிலாத்தாள் வீட்டுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போவாள். சில வாரம் திருமூர்த்தியும் கூட வருவார். போகும் வழியில் எங்கே நிறுத்துவது, எந்தக் கடையில் டீ குடிப்பது என்பதெல்லாம் அவள் இஷ்டம். காளிச்சாமி வந்துவிட்டால் ஒவ்வொன்றையும் முன்னால் இருக்கும் ஒரு பிடரியிடம் சொல்ல வேண்டும்.

"பின்னாடி பிரேக்க மாத்தீட்டா?" என்று கேட்டாள்.

திருமூர்த்தி யோசித்தார். "சரி. சனிக்கிழமை நானும் வாரேன். கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் பாலம் வரைக்கும் நான் ஒருக்காக்கூட ரங்கான்னு கூப்பிடாம வந்து சேந்துட்டா வண்டி உன்ரது. கூப்பிட்டேன்னா தரகனுக்குச் சொல்லி உட்டுருவேன்."

மறுநாள் காலையே அவள் போத்தனூரில் அமீர் ஹம்சாவின் பட்டறைக்குப் போனாள். முன்சக்கரம் இரண்டுக்கும் ஏற்கெனவே டிஸ்க் பிரேக் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மைக் கையில் ஏந்தி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"ஏனுங்கக்கா, இதுக்கு மேல கடைசல் குடுத்தா டிரம்மு இருக்காது. வளையல்தான் மிஞ்சும்."

"மிஞ்சுனா அதையும் கொண்டாந்து என்ர கையிலதான் மாட்டுவாரு. இவரு வாங்கிக் குடுத்த நகையெல்லாம் இந்த வகைதானுங்கக்கா" என்றாள் டீ கொண்டுவந்த அவன் மனைவி நஃபீசா.

ஹம்சா அதைக் காதில் வாங்காதவன் போல இருந்தான். "டிரம்முங்கறது மூடி போட்ட சட்டிங்கக்கா. கட்டை உள்ளுக்குள்ளயே உரசிச் சூடாயிட்டு, அந்தச் சூடு வெளிய வர வழியில்லாம கெடக்கும். டிஸ்க்கு தோசைக்கல்லு மாதிரி. காத்துப் பட்டா ஆறிப்போகும். பழைய மாருதியோட முன்சக்கரத்து செட்டு ஒண்ணு கெடக்குது. தகடு வெட்டி இதுக்குப் பொருத்தீறலாம். ஆனா ஒண்ணுங்க."

"என்ன?"

"ஹேண்ட் பிரேக் கம்பி இந்த டிரம்முக்குள்ளதான் மாட்டியிருக்குது. டிரம்மு போனா அதுவும் போயிரும். ஜீப்புல இருக்கிற மாதிரி, பின்சக்கரத்தச் சுத்தற நடு சாஃப்டுல தனியா ஒண்ணு செய்யலாம். லேத்துல குடுத்து வாங்கணும், பத்து நாளாவது ஆகும்."

பந்தயம் சனிக்கிழமை. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அந்தக் கம்பி துருப்புடிச்சு எத்தனையோ வருசமாச்சு தம்பி. எங்கூட்டுல கல்லு வெக்கறதுதான்."

உண்மைதான். அவர்கள் பக்கத்தில் டிராக்டர் ஆனாலும் அம்பாசிடர் ஆனாலும் களத்தில் நிறுத்தியதும் சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் கல் உண்டு.

"அப்பக் கல்லும் வைங்க, கியரும் போடுங்க" என்று சொல்லிவிட்டு ஹம்சா வேலையில் இறங்கினான்.

வேலை முடிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனது. ஹெரால்டின் சக்கரக் குடத்துக்குச் சேரும்படி தட்டுகளைக் கடைந்து, தகடு வெட்டித் துளைபோட்டு, பிடிப்பான்களை மாட்டியிருந்தான். ஆயில் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற ஒருவர் மேலே மிதிக்க வேண்டும். சாந்தாமணி ஏறி உட்கார்ந்தாள். அடியிலிருந்து ஹம்சாவின் குரல் மட்டும் வந்தது.

"அமுக்குங்க. புடிச்சுக்குங்க. உடுங்க. மறுக்கா அமுக்குங்க."

முதலில் பஞ்சுப் பொதியை மிதிப்பது போல இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மிதிகட்டை மேலே எழும்பிக் கடைசியில் பாறை மாதிரி நின்றது. அவன் வெளியே வந்து, தூக்கி நிறுத்தியிருந்த பின்சக்கரத்தை ஒரு விரலால் தள்ளிவிட்டான். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பழைய டிரம் ஒருநாளும் இப்படிச் சுற்ற விட்டதில்லை, எப்போதும் எங்கேயாவது உரசிக்கொண்டுதான் இருக்கும். சாந்தாமணி அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மயிலாத்தாள் வீட்டில் மதியச் சாப்பாடு முடித்து இறங்கினார்கள். முதல் சில வளைவுகளில் திருமூர்த்தியின் கால் அதன் வேலையைச் செய்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார், வாய் திறக்கவில்லை. அவள் மிதித்த இடத்தில் கார் பதறாமல் தணிந்தது, இழுக்கவில்லை, நாற்றமில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவர் கால் அசையாமல் கிடந்ததை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

போன மாதம் கார் குறுக்கே திரும்பிய வளைவு வந்தது. அவர் வாய் அகலத் திறந்தது.

"கொட்டாவி" என்றார்.

"நான் ஒண்ணுமே கேக்கலீங்களே."

குஞ்சப்பனையில் வழக்கமான டீக்கடை முன்னால் நிறுத்தினாள். இந்த இடத்தில் அவளுக்கு ஒரு பழக்கம். ஹெரால்டு சூட்டோடு அணைத்தால் மறுபடி கிளம்ப அடம்பிடிக்கும். அதனால் நியூட்ரலில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி டீ குடிப்பாள். கல்லெல்லாம் வீட்டுக் களத்தில்தான். அங்கே தரை கொஞ்சம் சரிவு, ஆனாலும் கார் அசைந்ததே இல்லை. இத்தனை வருடமாக அதைப் பிடித்து வைத்திருந்தது பழைய டிரம்களின் உரசல்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பாதி டீயில் கார் நகர்ந்தது. யாரோ கூப்பிட்டதும் எழுந்து போவது போல, அத்தனை மெதுவாக. எதிரே ரோட்டோரத்தில் பலாப்பழக் குவியல். அதற்கு அந்தப்பக்கம் இடுப்புயரச் சுவர். அதற்கும் அந்தப்பக்கம் ஒன்றுமில்லை.

"ரங்கா!"

டம்ளர் கீழே விழுந்தது. திருமூர்த்தி ஓடவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் பிளந்து கிடந்த விறகுக் கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, உருளும் சக்கரத்தோடு சேர்ந்து நடந்தார். குனிந்து, கூர்ப்பக்கம் சக்கரத்தைப் பார்க்கும்படி கட்டையைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, கையை எடுத்துக்கொண்டார். சக்கரம் கட்டையின் மேல் அரைவாசி ஏறியது. ஏறிய வேகத்தில் திரும்ப இறங்கி உட்கார்ந்தது. முன்னால் இருந்த பலாப்பழத்துக்கும் வண்டிக்கும் ஒரு சாண் இடைவெளி. இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். "ஹேண்ட் பிரேக்?"

"இல்லீங்க."

"இழுக்கலீங்கறயா, இல்லவே இல்லீங்கறயா?"

"இல்லவே இல்லீங்க. டிரம்மோட போயிருச்சு. ஹம்சா சொன்னான், நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

திருமூர்த்தி போய்த் தன் டம்ளரை எடுத்தார். மிச்ச டீயைக் குடித்து முடித்தார். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அந்தக் கட்டையை எடுத்துவந்து தன் காலுக்கடியில் போட்டுக்கொண்டு ஏறினார். சாந்தாமணி ஓட்டினாள். கண்ணுக்கு முன்னால் காளிச்சாமியின் பிடரி தெரிந்தது. கீழே பாக்குத் தோப்புகள் வந்தன, அப்புறம் சமவெளி, பவானி ஆற்றுப் பாலம். பாலம் தாண்டி ஓரமாக நிறுத்தி, இந்த முறை கியரில் போட்டு அணைத்தாள்.

"தரகனுக்கு எப்பச் சொல்லி உடறீங்க?"

"எதுக்கு?"

"ரங்கான்னு கூப்பிட்டாச்சுங்களே."

"கூப்பிட்டது ஆரு?"

"நானுங்க."

"பந்தயம் உன்ர வாய்க்கா, என்ர வாய்க்கா?" என்றார் திருமூர்த்தி. அவர் முகத்தில் தேர் நிலைக்கு வந்த நாளின் களை இருந்தது. "வண்டி நிக்கச் சொன்னா நல்லாத்தான் நிக்குது. நின்னதுக்கு அப்பறந்தான் நிக்க மாட்டீங்குது. அந்தப் பையன்கிட்ட ஜீப்பு பிரேக்க செஞ்சுபோடச் சொல்லு. அது வர்ற வரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை நான் வாரேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடம்பிடித்த இன்ஜினை மூன்றாவது தடவையில் கிளப்பி வீட்டுக்கு ஓட்டினாள்.

ஹம்சா பத்து நாள் என்று சொன்ன வேலை ஒரு மாதம் இழுத்தது. ஒருவழியாக நடு சாஃப்டில் பிரேக் வந்தது, ஹேண்ட் பிரேக் கோலை இழுத்தால் கார் மலையிலும் நின்றது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை திருமூர்த்தி அவளுக்கு முன்னாலேயே வந்து காரில் உட்கார்ந்திருந்தார். கட்டையை ஆசாரியிடம் கொடுத்து இழைத்து, விளக்கெண்ணெய் தடவி வைத்திருந்தார். விரிப்பு தேய்ந்த இடத்தை அது சரியாக மூடியது.

"இனி இது எதுக்குங்க?" என்றாள் சாந்தாமணி.

"கால் வெச்சுக்க" என்று சொல்லி, வலது காலை அதன்மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.