ஆறு போல்ட்

வேஸ்ட் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து அவள் அந்தப் பழைய டூலை மறுபடியும் தேய்த்தாள். ஒன்பது வருஷத்துக் கிரீஸ் லேசில் விட்டுவிடுமா? மூன்றாவது தடவை தேய்த்தபோதுதான் இரும்பு தெரிந்தது. மூலைக்கு ஒன்றாக நான்கு போல்ட் தலைகள். இந்தப் பக்கம் நடுவில் ஒன்று, அந்தப் பக்கம் நடுவில் ஒன்று. விரலை வைத்து எண்ணினாள். ஆறு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை எண்ணினாள். ஆறேதான்.

இதன் டிராயிங்கில் நான்கு. அதைப் பார்த்து அவள் போட்ட புது டூலிலும் நான்கு. திங்கட்கிழமை காலை, தகட்டை வளைக்கும் அந்தப் புது டூலைப் பிரஸ்ஸில் மாட்டி முதல் ட்ரையல் ஓட்டியபோது நான்கில் ஒன்று அறுந்தது. தெறித்த துண்டு, பிரஸ் பக்கத்தில் நின்றிருந்த அவளுடைய அண்ணனின் காதுக்குப் பின்னால் பாய்ந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்துவிட்டு நேற்றுச் சாயங்காலம் போய்விட்டான். இன்று மூன்று மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அவன் லாக்கரில் இருக்கும் துணிமணியை எடுத்து வருகிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் தொழிற்சாலைக்கு வந்திருந்தாள். லாக்கர் பக்கம் போகவே இல்லை. நேராகப் பழைய டூல்கள் அடுக்கியிருக்கும் ரேக்குக்கு வந்து, அடித்தட்டிலிருந்து இதை வெளியே இழுத்துத் தரச் சொல்லி கிரேன் ஓட்டுபவரைக் கெஞ்சினாள்.

டிசைன் ஆபீஸில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். புது வேலை வந்தால் யாரும் வெற்றுத் தாளில் தொடங்குவதில்லை. கிட்டத்தட்ட அதே வடிவத்தில் முன்னால் எப்போதாவது ஒரு டூல் போட்டிருப்பார்கள். அதைத் தேடி எடு, அளவை மாற்று, எண்ணை மாற்று, அனுப்பு. மூன்று வாரத்து வேலை நாலு நாளில் முடியும். அவளுக்கு நாலு நாள்கூட ஆகவில்லை, மூன்றரை. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். ஒன்பது வருஷமாகத் தகராறு இல்லாமல் ஓடுகிற டூல், இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தாள். டூல் என்னவோ நன்றாகத்தான் ஓடியது. டிராயிங்தான் அந்த டூலுடையதாக இல்லை. ஆபீஸிலிருந்து இந்த ரேக்குக்கு வர இருபத்திரண்டு படி இறங்கினால் போதும். மகாராணி இறங்கவில்லை.

நடுவில் இருந்த போல்ட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஏதோ குத்தியிருந்தது. துணியின் நுனியால் துடைத்தாள். இரண்டு புள்ளி, நடுவே ஒரு கோடு. டூலில் கைவைத்த ஃபிட்டர்கள் தங்கள் தங்கள் குறியைக் குத்திவைப்பது வழக்கம். இது யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? வீட்டுச் சுத்தியல், கத்தரிக்கோல், அவளுடைய டிபன் பாக்ஸ் மூடி, எதைத்தான் விட்டுவைத்தான் அவன்.

"அடப்பாவி அண்ணா" என்று வாய்விட்டே சொன்னாள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஃபோர்மேன் வந்து பின்னால் நின்றது அவளுக்குத் தெரியவில்லை. அவர் குனிந்து குறியைப் பார்த்தார்.

"அரம் வேலைதான்" என்றார். எதைக் கொடுத்தாலும் ரெண்டு இழுப்பு ராவாமல் விடமாட்டான் என்பதால் தொழிற்சாலையில் அவனுக்கு அந்தப் பெயர். "அப்பவும் ட்ரையல்ல ஒரு போல்ட் அறுந்திருக்கும். ரெண்டு சேத்து மாட்டிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பான். மேல ஆபீசுக்குச் சொல்லணும்னா ஃபாரம், கையெழுத்து, பத்து நாள். அவனுக்கு ஏது அவ்வளவு பொறுமை?"

அவள் குறியின் மேல் விரலை வைத்துத் தேய்த்தாள்.

"எழுந்திரும்மா. ரெண்டு மணிக்குள்ள உன் அறிக்கையை மேல கொடுக்கணும். ஒரு வரி போதும். டிராயிங்ல இல்லாத மாத்தத்தை அவனே பண்ணியிருக்கான், யாருக்கும் சொல்லல. முடிஞ்சுபோச்சு. உன் மேல ஒரு தூசு விழாது."

"அந்த அறிக்கை யாருக்குப் போகும்?"

"விசாரணைக்கு. அப்புறம் ஒரு நகல் வீட்டுக்கு, அவன் சம்சாரம் பேருக்கு."

அண்ணி அதைப் பிரித்துப் படிப்பதை நினைத்துப் பார்த்தாள். புருஷன் தானே செய்த தப்பால்தான் செத்தான் என்று கம்பெனி முத்திரையோடு ஒரு காகிதம்.

"அவன் ஏன் பாக்கல சார்? ஆறு வேணும்னு அவனுக்குத் தெரியும்ல?"

ஃபோர்மேன் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "அன்னிக்கு நான் பிரஸ் கிட்ட போறப்ப டூலை மாட்டி முடிச்சிருந்தாங்க. மாட்டிட்டா தலை தெரியாதே. இறக்கி ஒரு தடவை பாத்துட்டு ஓட்டறியாடான்னு கேட்டேன். என் தங்கச்சி போட்டது சார், அதுல என்ன பாக்கறதுன்னான்."

அவள் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மண்ணெண்ணெய் கண்ணில் எரிந்தது. எரியட்டும் என்று இன்னும் அழுத்திக்கொண்டாள். பக்கத்துப் பிரஸ்காரர்கள் இரண்டு பேர் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு ஃபோர்மேனின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து எழுதினாள். பழைய டூலில் ஆறு போல்ட்டுகள் உள்ளன. டிராயிங்கில் நான்கே உள்ளன. நான் டூலை நேரில் பார்க்காமல் டிராயிங்கை மட்டும் வைத்து வரைந்தேன். கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஃபோர்மேன் படித்தார். "யாரு மாத்தினதுன்னு எழுதலையே?"

"யாருன்னு தெரியாது."

"குறி இருக்கே."

"அது யார் குறின்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

அவர் காகிதத்தை இன்னொரு முறை படித்தார். "வேலை போயிடும்மா."

"போகட்டும்."

"எங்க, கிரீஸ் ஏறிப்போய்க் கிடக்கு. எனக்கு ஒண்ணும் தெரியல" என்றபடி அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். லாக்கரைத் திறந்து துணிப்பையையும் அவரே எடுத்து வந்து கொடுத்தார்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் பேச்சு அடங்கியது. உள்ளே, ஹாலில் சாப்பாட்டு மேசை முன்னால் அண்ணி தனியாக இருந்தாள். அழுது ஓய்ந்த முகம். யாரையும் உள்ளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

பையை வாங்கி அவனுடைய நீலச் சட்டையை வெளியே எடுத்தாள் அண்ணி. எண்ணெய்க் கறை. ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள்.

"என்ன சொல்றாங்க அங்க? அவர் கவனமா இல்லைன்றாங்களா?"

"இல்ல அண்ணி."

"என்கிட்ட மறைக்காதே. அவர் மேல தப்பா?"

"அவன் மேல ஒரு தப்பும் இல்ல. படம் தப்பு. நான் போட்ட படம். பழைய டூலைப் பாக்காம போட்டுட்டேன் அண்ணி. என்னாலதான்."

சொல்லிவிட்டாள். அறையட்டும், வீட்டை விட்டுப் போ என்று சொல்லட்டும், எதற்கும் தயாராகத்தான் நின்றாள். அண்ணியோ சட்டையை மடித்தாள். கை சரியாக மடியவில்லை என்று பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"நீ என்ன, வேணும்னேவா பண்ணினே?" என்றாள். இந்தப் பதிலுக்காக அண்ணி காத்திருந்ததாகவே தெரியவில்லை. வேறு ஏதோ ஒன்று அவளை அரித்துக்கொண்டிருந்தது. மேசையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் இங்க உக்காந்து சாப்பிடும்போது உன்கிட்ட ஒண்ணு கேட்டாரே, ஞாபகம் இருக்கா? எந்தப் பழைய டூலைப் பாத்துப் போட்டேன்னு."

அவள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் சொல்ல வாயத் திறந்தே. நான்தான் கரண்டியால தட்டைத் தட்டினேன். ஃபேக்டரிப் பேச்சு எடுக்கறவங்கதான் இன்னிக்குப் பாத்திரம் கழுவணும்னேன். அவரும் சிரிச்சாரு, நீயும் சிரிச்சே. விட்டுட்டீங்க." அண்ணியின் குரல் தேய்ந்துகொண்டே போனது. "நாலு நாளா அதே நினைப்புதான். அன்னிக்கு நீ பதில் சொல்லியிருந்தா அவர் ஏதாச்சும் சொல்லியிருப்பாரோ?"

சொல்லியிருப்பான். எந்த டூல் என்று காதில் விழுந்த மறுகணமே, அதுல நான் ரெண்டு போல்ட் சேத்திருக்கேன், பாத்தியா இல்லையா என்று கத்தியிருப்பான். அப்புறம் இந்நேரம் ட்ரையலை முடித்துவிட்டு எங்காவது டீ குடித்துக்கொண்டிருப்பான். காலையில் ஆறாவது போல்ட்டைத் தொட்டபோதே அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அண்ணிக்கு மட்டும் அது ஞாபகம் வரக்கூடாது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்திருந்தாள்.

"அது வேற அண்ணி" என்றாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம். "கதவுக் கீலுக்கு ஒரு டூல் போட்டேன். அவன் கேட்டது அதை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அண்ணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா இல்லையா, கடவுளுக்கே வெளிச்சம். "ம்" என்றாள்.

வாசலிலிருந்து ஒருவர் எட்டிப்பார்த்தார். "வண்டி தெருமுனைக்கு வந்துடுச்சும்மா. மேசையை எடுத்துட்டா ஹால்ல இடம் கிடைக்கும். நாங்க தூக்கட்டுமா?"

"வேணாம்" என்று அண்ணி எழுந்தாள். "நாங்களே தூக்கிக்கறோம். நீ அந்தப் பக்கம் பிடி."

பின்கட்டு அறை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு நிலையில் மேசைக் கால் இடித்தது. பின்னுக்கு இழுத்துப் பார்த்தார்கள், அதுவும் வரவில்லை.

"சாய்ச்சுப் பிடி" என்றாள் அண்ணி.

சாய்த்தார்கள். பலகை செங்குத்தாக நின்று அறை வாசலை அடைத்துக்கொண்டது. அந்தப் புறம் அண்ணி, இந்தப் புறம் அவள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. தெருவில் வண்டி பின்பக்கமாக வரும் சத்தமும், யாரோ "வரலாம், வரலாம்" என்று வழிகாட்டுவதும் கேட்டன.

"கனமா இருக்கா?" என்று கேட்டாள் அண்ணி, பலகைக்கு அப்பாலிருந்து.

"இல்ல அண்ணி" என்றாள் அவள்.