தாளில் விழாத எழுத்துகள்

அண்ணாமலைக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை செய்ய நாள் குறித்தாகிவிட்டது. நாமக்கல் மருத்துவமனை ஒன்றிலிருந்து அவருடைய கைபேசிக்கு ஓர் இணையப் பக்கம் வந்திருந்தது. அறுவைக்கு முன் என்ன சாப்பிடலாம், எந்தெந்த மாத்திரையைத் தொடரலாம் என்று அதில் விவரமாக இருந்தது. சின்னத் திரையில் அவரால் அதைப் படிக்க முடியவில்லை. அவர் மனைவி கண்ணாத்தாள் கைபேசியோடு பக்கத்துப் போர்ஷனுக்கு வந்தாள்.

அந்தப் போர்ஷனில் வளர்மதி வாடகைக்கு இருந்தாள். சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம். கொல்லிமலையில் ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை. அலுவலகத்தில் முடியாததை வீட்டில் முடிக்க ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கி வைத்திருந்தாள்.

"ஏனுங்க வளர்மதி, இத ஒரு பேப்பர்ல எடுத்துக் குடுக்க முடியுங்களா? படிச்சு அது மாதிரி நடந்துக்குவோம்."

"உக்காருங்கக்கா. ரெண்டு நிமிசத்துல எடுத்துடலாம்."

இரண்டு நிமிடத்தில் ஆகவில்லை. பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பிரிண்ட் கொடுத்தால் பிரிண்டர் அசையவே இல்லை. திரையில் 'ஆஃப்லைன்' என்று வந்தது. காலையில் கரண்ட் போய் வந்ததில் வைஃபை இணைப்பு அறுந்திருந்தது. அதைச் சரிசெய்து மறுபடி கொடுத்தாள். இப்போது வேறு பிரிண்டரின் பெயர் தேர்வாகியிருந்தது. அதையும் மாற்றினாள். என்றைக்கோ கொடுத்து நின்றுபோன பழைய பிரிண்ட் ஒன்று வரிசையில் முன்னால் அடைத்துக்கொண்டு நின்றது. அதை நீக்கி, பிரிண்டரை அணைத்துப் போட்ட பிறகு, ஒருவழியாகத் தாள் உள்ளே இழுபட்டது.

அதற்குள் அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. தாளை எடுத்துப் பார்த்தாள். பக்கம் அகலமாக இருந்ததால் வலது ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது.

"ஓரத்துல ரெண்டு எழுத்து விழலக்கா. படிச்சா புரியும்."

"அது போதுங்க," என்று கண்ணாத்தாள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. வளர்மதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாத்தாள் முறத்தில் மிளகைப் பரப்பியபடி பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்க குடுத்த பேப்பர்படிதாங்க எல்லாம் நடக்குது. காரம் கொறச்சாச்சு. பீடியும் விட்டுட்டாரு. வலிப்பு மாத்திரையக்கூட நிறுத்தியாச்சுங்க."

வளர்மதியின் கை கொடியிலேயே நின்றது. "எந்த மாத்திரைக்கா?"

"கல்யாணத்துக்கு முந்தியே அவருக்கு வலிப்பு உண்டுங்க. தெனமும் மாத்திரை போடுவாரு. அதனால வருசக்கணக்கா வந்ததே இல்ல. அறுவைக்கு முன்னால நிறுத்தணும்னு பேப்பர்ல போட்டிருந்துதே."

"அந்தப் பேப்பரக் கொஞ்சம் கொண்டாங்க."

கண்ணாத்தாள் கொண்டுவந்த தாளில் அந்த வரி இப்படி முடிந்திருந்தது: 'வலிப்பு நோய்க்கான மாத்திரைகளை நிறுத்த வேண்'. அதற்குமேல் தாள் இல்லை.

வளர்மதி உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். மருத்துவமனையின் பக்கத்தைத் தேடி எடுத்து அந்த வரிக்கு வந்தாள். 'வலிப்பு நோய்க்கான மாத்திரைகளை நிறுத்த வேண்டியதில்லை.'

அவள் அதை மறுபடி படித்தாள். திரையை வாசலில் நின்ற கண்ணாத்தாள் பக்கம் திருப்பினாள். "அக்கா, நிறுத்த வேண்டாம்னு போட்டிருக்கு. என் பிரிண்ட்ல அது விழல," என்றாள்.

கண்ணாத்தாள் அவளையே பார்த்தாள். புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு வீட்டுக்குப் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவரு மரத்து மேல இருக்காருங்க."

இருவரும் ஓடினார்கள். வீட்டுக்குப் பின்னால் சரிவில்தான் மிளகுத் தோட்டம். நெடுநெடுவென்று வளர்ந்த சில்வர் ஓக் மரங்களில் கொடிகள் ஏறியிருந்தன. கணுக்களையே படியாக விட்ட ஒற்றை மூங்கில் ஏணியின் உச்சியில், தோளில் பையோடு, ஒரு கையால் கொடியை விலக்கி மறு கையால் மிளகு பறித்துக்கொண்டிருந்தார் அண்ணாமலை. கீழே பாறையும் கல்லுமாகக் கிடந்தது.

கண்ணாத்தாள் கத்தப்போனாள். வளர்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பதறவைத்தால் அதுவே அவரைத் தள்ளிவிடும் என்று தோன்றியது.

"ஏனுங்க," என்று கண்ணாத்தாள் குரலை அடக்கிக் கூப்பிட்டாள். "கொஞ்சம் கீழ வாங்க."

"இந்தக் கொடிய முடிச்சுட்டு வாரேன்."

"அண்ணா, ஆஸ்பத்திரியிலிருந்து போன்," என்றாள் வளர்மதி. பொய்தான். கையிலிருந்த கைபேசியை உயர்த்திக் காட்டினாள். "உங்ககிட்டதான் பேசணுமாம். இப்பவே."

அவர் ஏதோ முனகிக்கொண்டு இறங்கத் தொடங்கினார். ஒவ்வொரு கணுவிலும் கால் வைத்து, நிதானமாக. நடுவில் நின்று பையைச் சரிசெய்துகொண்டார். ஏணியின் அடியைக் கண்ணாத்தாள் இரு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

தரையில் கால் பதிந்தது. பையை இறக்கி வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசிக்காகக் கை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. கண் எங்கோ நிலைகுத்தியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. அடுத்த கணம் அவர் மண்ணில் சாய்ந்தார்.

வளர்மதி இதுவரை யாருக்கும் வலிப்பு வந்து பார்த்ததில்லை. அவளால் நகர முடியவில்லை. கண்ணாத்தாள்தான் கல்லை எட்டித் தள்ளி, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் தன் முந்தானையைச் சுருட்டி வைத்தாள். "வண்டிக்குச் சொல்லு கண்ணு," என்றாள். வளர்மதி நூற்றெட்டுக்குப் போன் செய்தாள்.

சுகாதார நிலையத்தில் ஊசி போட்டார்கள். மதியத்துக்குமேல் அவருக்குத் தெளிவு வந்தது. காலையில் மரம் ஏறியதுகூட அவருக்கு நினைவில்லை. மருத்துவர் மாத்திரையை உடனே தொடங்கச் சொன்னார். நாமக்கல்லுக்கு அவரே பேசி அறுவையைத் தள்ளிவைத்தார்.

வெளியே பெஞ்சில் இரு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஓரம் வெட்டுப்பட்டது தெரிஞ்சும் குடுத்துட்டேன்கா," என்றாள் வளர்மதி. "பக்கத்தத் தாளுக்குள்ள அடங்குற மாதிரி சுருக்கி எடுத்திருக்கலாம். ஆபீசுக்கு நேரமாச்சுன்னு விட்டுட்டேன்."

கண்ணாத்தாள் முந்தானையில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"நானுந்தான் படிச்சேன்," என்றாள் பிறகு. "வேண்டும்னு நானா சேத்துக்கிட்டேன். இத்தன வருசம் போட்ட மாத்திரைய நிறுத்தச் சொல்றாங்களே, ஒரு வார்த்த கேப்பமேன்னு தோணுச்சுங்க. அச்சுல வந்தது தப்பாவா இருக்கும்னு கேக்கல."

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று இருவருமே நினைத்தார்கள். உள்ளே அண்ணாமலை தண்ணீர் கேட்கும் சத்தம் வந்தது. கண்ணாத்தாள் எழுந்து போனாள். வளர்மதி தன் கைபேசியில் மருத்துவமனையின் பக்கத்தைத் திறந்து, மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கத் தொடங்கினாள்.