பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர்

ஆற்றங்கரைப் பூங்காவின் கண்காணிப்பாளர் குழாயை நீட்டிப் பிடித்துத் தன் புல்வெளிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது மாநகராட்சி ஆணையரே தொலைபேசியில் கூப்பிட்டார். மாநிலப் பசுமைப் பரிசுக்காக, எந்தப் பூங்கா எவ்வளவு பசுமை என்று இந்த வருஷம் ஆளை அனுப்பிப் பார்க்கப் போவதில்லையாம், செயற்கைக்கோள் படத்தை வைத்து வானத்திலிருந்தே அளக்கப் போகிறார்களாம், தொலையுணர்வு நிலையத்திடம் பொறுப்பை ஒப்படைத்தாகிவிட்டதாம். "நமக்கென்னய்யா கவலை? உங்க புல்வெளி ஒண்ணு போதும், பரிசு நமக்குத்தான்" என்று சிரித்துவிட்டு வைத்தார். கண்காணிப்பாளர் கையிலிருந்த குழாய் கீழே விழுந்து, பாம்பு மாதிரி நெளிந்து, அவர் கால்சட்டையை முழங்கால் வரை நனைத்தது. நனைந்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் அந்தப் புல்வெளி பிளாஸ்டிக்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆர்வக்கோளாறு, அவ்வளவுதான். போன வருஷம் ஆணையர் பார்வையிட வருகிறார் என்றதும், புல் இன்னும் கொஞ்சம் தளதளவென்று இருக்கட்டுமே என்று ஒரு தடவை போட வேண்டிய உரத்தை மூன்று தடவை போட்டார். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று படித்ததெல்லாம் பரீட்சையோடு போயிருந்தது. ஒரு வாரத்துக்குள் புல்வெளி கருகிப் பழைய கால்மிதி மாதிரி ஆகிவிட்டது. கையைப் பிசைந்துகொண்டு நின்றவர், விளையாட்டு மைதானங்களுக்குப் பிளாஸ்டிக் புல் விரிப்பவர்களைத் தேடிப் பிடித்தார். புதுப் புல் முளைக்கும் வரைக்கும் என்றுதான் விரிக்கச் சொன்னார். ஆனால் வந்த ஆணையர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "புல்வெளின்னா இதுதான்யா புல்வெளி!" என்று எல்லார் முன்னாலும் தோளில் தட்டிவிட்டுப் போனார். தோளில் தட்டு வாங்கிய பிறகு விரிப்பை எப்படிச் சுருட்டுவது?

அன்றிலிருந்து அவருக்கு வேலை இரட்டிப்பானது. சந்தேகம் வரக்கூடாதே என்று தினமும் தண்ணீர். மாதம் ஒருமுறை புல் வெட்டும் இயந்திரம், கத்தியைக் கழற்றிவிட்டு. தண்ணீர் பாய்ந்த புண்ணியத்தில் விரிப்புகளின் இணைப்பு வழியாக நிஜப் புல் எட்டிப் பார்க்கும். அதைத் தோட்டக்காரர் களை என்று பிடுங்கிப் போடுவார். நாய்கூட அந்தப் பக்கம் படுக்காது. வெயில் ஏறினால் தோசைக்கல்லாகச் சுடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். இவர் ஒரு வருஷமாக மறைத்ததோடு நிற்காமல் அதற்குத் தண்ணீரும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இதிலே இன்னொரு சிக்கல் இருந்தது. தொலையுணர்வு நிலையத்தில்தான் அவர் மனைவி வேலை பார்த்தாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷமாகிறது. அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல மேப்பு பார்ப்பா" என்பார். ஆரம்பத்தில் அவள் ஆசையாகச் சொல்ல வருவாள். இவர் செய்தித்தாளைத் திருப்பியபடியே "அப்படியா" என்பார். அந்த 'அப்படியா'வுக்கு அப்புறம் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. நாளடைவில் அவளும் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். வேலை போனால்கூட எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று இப்போது அவருக்குத் தோன்றியது. ஆனால் பெண்டாட்டி கையாலேயே பொய்யன் என்று பிடிபட்டால், அதற்குப் பிறகு ஒரே வீட்டில் எந்த முகத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவது? எதிரியை வெல்ல வேண்டுமானால் முதலில் அவன் கண் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார்.

அன்று சாயங்காலம் அவரே தேநீர் போட்டு, இரண்டு கோப்பைகளையும் மேசையில் வைத்து, எதிரே உட்கார்ந்தார்.

"ஏம்மா, நீங்கல்லாம் ஆபீஸ்ல அப்படி என்னதான் பண்றீங்க?"

அவள் அவரைப் பார்த்தாள். தேநீரைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா உங்களுக்கு?"

"சும்மா, தெரிஞ்சுக்கலாம்னுதான்."

அவள் எழுந்து போய் ஜன்னலோரத் தொட்டியிலிருந்து ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்தாள். தொடாமலே ஒரு பொருளைப் பற்றித் தெரிந்துகொள்வதுதான் தொலையுணர்வு என்றாள். ஒவ்வொரு பொருளும் தன் மேல் விழும் வெளிச்சத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். எதை விழுங்குகிறது, எதைத் திருப்புகிறது என்பதுதான் அதன் கைரேகை.

"நம்ம கண்ணுக்குத் தெரியற பச்சையெல்லாம் மேல்பூச்சுதாங்க. இலை சிவப்பு வெளிச்சத்தைச் சாப்பிட்டுடும். அதுக்குப் பக்கத்துலயே கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு, அகச்சிவப்புன்னு. அது இலைக்கு வேண்டாம். வந்த வழியே மேல அனுப்பிடும். அதைச் செயற்கைக்கோள் பிடிச்சுக்கும். அந்த வெளிச்சத்துக்கு நாங்க படத்துல சிவப்புக் கலர் குடுத்து வெச்சிருக்கோம். அதனால உயிருள்ள செடி எல்லாம் ரத்தச் சிவப்பா இருக்கும்."

"அப்போ பச்சையா இருந்தா மட்டும் போதாதா?"

"நீங்க பச்சைச் சட்டை போட்டுக்கிட்டுப் போய் நின்னா, அது உங்களை மரம்னு நினைச்சுக்குமா?"

"சட்டையை விடு. ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இந்தப் பிளாஸ்டிக்... அந்த மாதிரி ஏதாவது இருந்தா?"

நுணலும் தன் வாயால் கெடும். கேட்ட மாத்திரத்தில் அவருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

"சாம்பல் கலர்ல தெரியும். செத்துப் போன மாதிரி."

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். செயற்கைக்கோள் சில நாளுக்கு ஒருமுறை காலை பத்தரை மணிவாக்கில் தலைக்கு மேலே போகும், மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது, படத்தின் மிகச் சின்னக் கட்டம் தரையில் ஒரு பெரிய கூடத்தின் அளவு இருக்கும் என்று பயன்படும் விஷயங்களை மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டார். ஆனால் அவளிடம் பயன்படும் விஷயத்தை மட்டும் தனியாகக் கறக்க முடியவில்லை. அவள் படங்களை வீட்டுக்கே கொண்டு வர ஆரம்பித்தாள். எரிந்த காடு எங்கே மறுபடி துளிர்க்கிறது என்று காட்டினாள். கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் கடலில் நீளமாகக் கறுத்துக் கிடந்ததைக் காட்டினாள். இலை வாடுவதற்கு முன்பே பயிரின் தாகம் படத்தில் தெரிந்துவிடும் என்று சொன்னபோது, கண்காணிப்பாளர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அன்று முழுக்க அவருக்குத் தன் புல்வெளி ஞாபகமே வரவில்லை. மறுநாள் காலை பல் துலக்கும்போதுதான் பகீரென்றது.

அவள் முகம் மாறியிருந்தது. அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்தாள். சமையலறையில் தனக்குத்தானே எதையோ முணுமுணுத்துப் பாடினாள். தான் கேட்கிறோம் என்பதற்காக ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே கேட்டிருக்கலாமே என்று அவருக்குக் குற்ற உணர்ச்சி குத்தியது. இப்போது மாட்டிக்கொண்டால் புல் மட்டுமல்ல, இந்தச் சாயங்காலங்களும் சேர்ந்து பிளாஸ்டிக் ஆகிவிடும். அதை நினைத்தால்தான் தூக்கம் கெட்டது.

படம் எடுக்கும் நாள் வந்தது. மேகம் வரும் என்று நம்பினார். வானம் துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் நாளே அவர் ஊரில் உள்ள அலுவலகங்களுக்கெல்லாம் ஆள் விட்டு, பூந்தொட்டிகளை இரவல் கேட்டிருந்தார். 'தொட்டிகளுக்குச் சூரிய ஒளி முகாம்' என்று தோட்டக்காரர் எல்லா இடத்திலும் கூசாமல் சொல்லியிருந்தார். வங்கி, பல் மருத்துவமனை, காவல் நிலையம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்த தொட்டிகளை விரிப்பின் மேல் நெருக்கி அடுக்கினார்கள்.

"சார், ஒரு மூலைகூட ரொம்பலையே. இது யானைப் பசிக்குச் சோளப்பொரி" என்றார் தோட்டக்காரர்.

"ஒரு கட்டமாவது சிவக்கட்டும்யா. நீ தண்ணி ஊத்து. செடிக்குத் தாகம் இருந்தா அதுக்குத் தெரிஞ்சுடும்."

பத்தரை மணி நெருங்கியது. கண்காணிப்பாளர் தொட்டிகளுக்கு நடுவில் நின்று, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார். பார்த்து முடித்துத் தலையை இறக்கியபோது, நுழைவாயில் வழியாக அவர் மனைவி வந்துகொண்டிருந்தாள். தலையில் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் கறுப்பாக ஒரு கருவி.

"களச் சரிபார்ப்பு" என்றாள். "படத்துல தெரியறது தரையிலயும் அப்படித்தான் இருக்கான்னு நேர்ல வந்து பாத்தாதான் கணக்கு முடியும். வேற ஆளை அனுப்பறேன்னாங்க. நான்தான் போறேன்னேன்."

தோட்டக்காரர் குழாயை அப்படியே போட்டுவிட்டு, பூங்காவின் மறுகோடியில் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல நகர்ந்தார். அவள் குனிந்து கருவியைப் புல்லின் மேல் பிடித்தாள். அது கீச்சென்றது. இன்னொரு இடத்தில் பிடித்தாள். அங்கேயும் அதே கீச். கண்காணிப்பாளர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"இது... இது வந்து..."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஒரு வருஷமா. எல்லாப் பக்கமும் சிவப்பா இருக்கும்போது ஆத்தோரத்துல மட்டும் சதுரமா சாம்பல். அது யாரோட பூங்கான்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க கேக்கல."

அவருக்கு வெயிலா வெட்கமா என்று தெரியாமல் காது சுட்டது. அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"அப்போ நான் இத்தனை நாளா உன்கிட்ட பாடம் கேட்டது எதுக்குன்னு..."

"முதல் நாளே தெரியும். பதினஞ்சு வருஷம் கழிச்சு ஒரு மனுஷன் தானே டீ போட்டு எடுத்துட்டு வந்தா அதுக்குக் காரணம் இல்லாமலா இருக்கும்?"

"தெரிஞ்சுமா சொல்லிக் குடுத்த?"

"கேட்டீங்களே" என்றாள் அவள். அதைச் சொல்லும்போது கருவியின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இங்க என்ன வகைன்னு போடணும். புல், மரம், மண்ணு, தண்ணி, கட்டடம், மத்தது. பூங்காவுக்குப் பொறுப்பு நீங்கதான். நீங்களே சொல்லுங்க."

கண்காணிப்பாளர் புல்வெளியைப் பார்த்தார். தோளில் தட்டிய ஆணையரின் கை இப்போது பிடரியில் வந்து விழப்போவது கண்முன்னே தெரிந்தது. 'புல்' என்று ஒரே ஒரு சொல். அவள் போட்டாலும் போடுவாளோ என்று ஒரு கணம் சபலம் தட்டியது. தொப்பிக்குக் கீழே வியர்த்திருந்த அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சபலம் அடங்கிப்போனது.

"பிளாஸ்டிக்னு போடு" என்றார். "ஆணையர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்."

அவள் போட்டாள். கருவி மறுபடியும் கீச்சென்றது. மாட்டிக்கொண்டால் உயிரே போய்விடும் என்று இத்தனை நாள் பயந்தவருக்கு, போகவில்லை என்பதே ஆச்சரியமாக இருந்தது. அவள் கிளம்பத் திரும்பினாள். இனி சாயங்காலம் என்ன பேசுவது என்று அவருக்குத் திக்கென்றது. கேட்பதற்கு அவரிடம் இருந்த காரணம் இதோ பதிவாகித் தீர்ந்துவிட்டது.

தோட்டக்காரர் போட்டுவிட்டுப் போன குழாய் நெளிந்து சில தொட்டிகளைச் சாய்த்திருந்தது. அதன் தண்ணீர் அந்தத் தொட்டிகளிலிருந்து மண்ணைக் கரைத்துக்கொண்டு, பிளாஸ்டிக்கின் மேல் பழுப்பாகப் பரவிச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா" என்றார். "ஆத்துல வெள்ளம் வந்தா இப்படித்தானே சேறு போகும்? அதுவும் மேலேர்ந்து தெரியுமா? கடலுக்குள்ள எவ்வளவு தூரம் போகுதுன்னு?"

அவள் நின்றாள். படத்தில் எந்த வகை என்று பிடிபடாத ஒரு கட்டத்தைப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கி அவரைப் பார்த்தாள்.

"இது உங்களுக்கு எதுக்கு உதவும்?"

"ஒண்ணுத்துக்கும் உதவாது."

அவள் திரும்பி வந்து, கருவியைப் பல் மருத்துவமனையின் தொட்டிமேல் வைத்துவிட்டு, சேற்றுத் தண்ணீரின் ஓரத்தில் குந்தினாள். ஆள்காட்டி விரலால் அதன் விளிம்பைத் தொட்டு, "இங்க பாருங்க, கனமான மண்ணெல்லாம் முதல்ல தங்கிடும்" என்று ஆரம்பித்தாள். கண்காணிப்பாளர் பக்கத்தில் குந்தினார். தண்ணீர் அவள் விரலைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, பச்சையின் மேல் மெல்ல விரிந்துகொண்டே போனது.